மைக் செட்டுக்குள் புகுந்த விமானி

அத்தியாயம் 9

"அண்ணாச்சி, ஒரு கல்யாண வீட்டுக்குப் போகணும். கிளம்புங்க."

சிவசண்முகம் காபி டம்ளரிலிருந்து முகத்தை எடுக்கவில்லை. "யாருக்குக் கல்யாணம்?"

"அது முடிஞ்சு பதினேழு நாள் ஆயிட்டு."

"சரிதான். பந்தி முடிஞ்சு, பாத்திரம் கழுவி, பந்தலையும் பிரிச்ச பொறவு கூட்டிட்டுப் போற. உன்னை மாதிரி ஒரு உதவியாளர் யாருக்கு வாய்க்கும்?"

"அன்னைக்குப் போயிருந்தா சாப்பாடு கிடைச்சிருக்கும். இன்னைக்குப் போனா சாட்சி கிடைக்கும். எது வேணும்னு நீங்களே சொல்லுங்க" என்றாள் ஃபெமினா.

வண்ணார்பேட்டையில் ஒரு மருந்துக் கடையின் மாடியில் இருந்தது சிவசண்முகம் துப்பறியும் நிலையம். முப்பது வருஷம் போலீஸ் வயர்லெஸ் பிரிவில் காதைத் தேய்த்துவிட்டு ஓய்வு பெற்றவர் அவர். அடுத்தவன் பேசுவதைக் கேட்டே பழகியதால் தான் பேசுவது குறைவு. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் ஆண்டவர் ஃபெமினாவை அனுப்பியிருந்தார். மணப்பாட்டிலிருந்து கடிதம் தட்டச்சு செய்ய வந்தவள். ஒரு வாரத்திலேயே விரலைவிட நாக்கு வேகம் என்பது தெரிந்துவிட, சிவசண்முகம் அவளைத் தட்டச்சிலிருந்து எடுத்துத் துப்பறியப் போட்டுவிட்டார்.

அவர்கள் கையில் இருந்த வழக்கு கொஞ்சம் உயரமான வழக்கு. எட்டாயிரம் அடி உயரம்.

பதினேழு நாளைக்கு முன்னால், வைகாசி மாதத்துக் கடைசி முகூர்த்த நாளன்று காலையில், தென்றல் நிறுவனத்தின் விமானங்கள் இரண்டு ஒரே நேரத்தில் மருதன்குளம் விமான நிலையத்துக்கு வந்தன. சென்னையிலிருந்து வந்தது 615. அது கிழக்கே கடல் பக்கம். கொச்சியிலிருந்து வந்தது 651. அது மேற்கே. மேகம் அடைத்திருந்ததால் 651 சேரன்மகாதேவிக்கு மேலே எட்டாயிரம் அடியில் வட்டமடித்துக்கொண்டிருந்தது. மருதன்குளம் சின்ன நிலையம், ராடார் கிடையாது. டவரில் உட்கார்ந்திருந்த பொன்செல்வி என்ற பெண், விமானிகள் வானொலியில் சொல்லுவதைக் கேட்டுத்தான் யார் எங்கே இருக்கிறார்கள் என்று மனசுக்குள் படம் வரைய வேண்டும்.

அவள் 615-ஐ ஐயாயிரம் அடிக்கு இறங்கச் சொன்னாள். அந்தப் பக்கம் வயலும் கடலும்தான், ஆபத்தில்லை. ஆனால் இறங்கியது 615 மட்டுமல்ல. மேற்கே இருந்த 651-ம் இறங்கியது. அந்தப் பக்கம், மேகத்துக்குள்ளே, ஆறாயிரம் அடிக்கு மேல் பொதிகை மலை நின்றது. 'மலை! மேலே ஏற்று!' என்று விமானத்துக் கருவியே அலற, கேப்டன் பெனிட்டோ மூக்கை நிமிர்த்தி ஏற்றினார். ஐம்பத்தெட்டுப் பயணிகளும் பிழைத்தார்கள். நின்றுகொண்டிருந்த பணிப்பெண் ஒருத்திக்கு மட்டும் கை முறிந்தது.

விசாரணையில் பெனிட்டோ சொன்னது இதுதான்: "என்னை இறங்கச் சொன்னார்கள். நான் பதில் சொன்னேன். யாரும் மறுக்கவில்லை. இறங்கினேன்."

டவரின் ஒலிப்பதிவைத் தட்டச்சு செய்து அவர் கையில் கொடுத்தார்கள். அதில் பொன்செல்வி 615-ஐ அழைத்தது இருந்தது. 615 பதில் சொன்னது இருந்தது. அந்த நேரத்தில் பெனிட்டோவின் 651 வாய் திறந்ததற்கு அடையாளமே இல்லை. வாய் பேசாமல், உத்தரவில்லாமல் இறங்கிய விமானி என்று அவர் மேல் குற்றம். உடனே அவரும் ஒரு புகார் எழுதிக் கொடுத்தார்: டவரில் இருந்த பொன்செல்வி என் பதிலைப் பதிவிலிருந்து அழித்துவிட்டாள்.

இருவரும் வேலையிலிருந்து நிறுத்தப்பட்டிருந்தார்கள். திங்கட்கிழமை கடைசி விசாரணை. இன்று சனிக்கிழமை. பெனிட்டோதான் சிவசண்முகத்தின் கட்சிக்காரர்.

விமானத்துக்குள்ளே ஒரு பதிவுப் பெட்டி உண்டு. ஆனால் அது கடைசி இரண்டு மணி நேரப் பேச்சை மட்டும்தான் வைத்துக்கொள்ளும். பிரச்சினை பெரிசாவதற்குள் அதே விமானம் இன்னும் இரண்டு ஊர் போய்வந்து பழையதை அழித்திருந்தது. துணை விமானியோ அந்த நேரம் பயணிகளிடம் பெல்ட் போடச் சொல்லிக்கொண்டிருந்தார். கேப்டன் உதடு அசைந்ததைப் பார்த்தாராம். என்ன சொன்னார் என்று கேட்கவில்லையாம்.

"இதுல கல்யாணம் எங்க வந்தது?" என்று கேட்டார் சிவசண்முகம்.

ஃபெமினா கைப்பேசியை நீட்டினாள். மாலையும் கழுத்துமாக ஒரு பெண்ணும் மாப்பிள்ளையும். கீழே யாரோ குறும்புக்காரன் எழுதியிருந்தான்: 'பிளேன்காரன் வாழ்த்தோட நடந்த கல்யாணம்! சேரன்மகாதேவி.'

"அதே நாள், அதே முகூர்த்தம். தாலி கட்டுத நேரத்துல மைக் செட்டுக்குள்ளேயிருந்து ஒருத்தன் இங்கிலீஷ் பேசினானாம். என் கூட்டாளி ஒருத்தி பந்தியில இருந்திருக்கா."

சிவசண்முகம் டம்ளரைக் கீழே வைத்தார். பாதிக் காபி மிச்சமிருந்தது. அவர் மிச்சம் வைப்பது அபூர்வம்.

"ஸ்கூட்டரை எடு" என்று செருப்பைத் தேடினார்.

*

'பூதத்தான் சவுண்ட் சர்வீஸ்' சேரன்மகாதேவி பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்தது. பூதத்தான் ஐம்பது வயது ஆள். குழாய் ஸ்பீக்கர்களுக்கு நடுவே, தன் வீட்டுத் துக்கத்துக்குத் தானே வந்திருப்பவர் போல உட்கார்ந்திருந்தார்.

"அந்தக் கல்யாணமா? அதைப் பத்திக் கேக்காதீங்க வே. அன்னையிலேருந்து ஒருத்தன் கூப்பிட மாட்டேங்கான். பேய் புகுந்த செட்டுன்னு சொல்லுதானுவ."

"உங்க பேர்லயே பூதம் இருக்கே அண்ணாச்சி. ஊரு எப்படி நம்பாம இருக்கும்?" என்றாள் ஃபெமினா.

பூதத்தான் அவளை முறைத்தார். பிறகு சிரித்துவிட்டார். "அது எங்க குலசாமி பேரு தாயி. சாமிய வேணும்னா செட்டுக்குள்ள விடுவேன். பேயை விட மாட்டேன்."

சிவசண்முகம் அதற்குள் ஆம்ப்ளிபயரின் மூடியைக் கழற்றியிருந்தார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு உள்ளே குனிந்தார். பல் டாக்டர் கடைவாயைப் பார்ப்பது போல இருந்தது.

"அன்னைக்குக் குழாயை எங்கன கட்டியிருந்தீரு?"

"பனைமரத்து உச்சியில. அறுபது அடி ஒயர் இழுத்தேன்."

"இங்கன பாரும். இந்த இணைப்புல பச்சை பூத்துப் போயிருக்கு. விமானக்காரன் பேச்சு பழைய ரேடியோ மாதிரி அலையில வருது. நீளமா ஒரு ஒயரும், இந்த மாதிரி கெட்டுப்போன இணைப்பு ஒண்ணும் சேந்தா, செட்டு தானா ரேடியோ ஆயிடும். போலீஸ் வண்டி பக்கத்துல நின்னா சினிமாக் கொட்டகை ஸ்பீக்கர்ல எங்க பேச்சு வந்திருக்கு. பேயும் இல்ல, பிசாசும் இல்ல."

பூதத்தானின் முகம் மலர்ந்தது. "இதை அப்படியே பஸ் ஸ்டாண்டுல நின்னு ஒரு தடவை சொல்லுங்களேன்."

"சொல்லலாம். ஆனா கெட்டுப்போன செட்டுக்குக் காது மந்தம். ரொம்பப் பக்கத்துல, தலைக்கு நேரா நிக்கிறவன் குரல்தான் விழும். மருதன்குளம் டவர்ல பேசினது கேட்டுச்சா?"

"ஒரே குரல்தான். ஆம்பளைக் குரல். அந்த பிளேன் ஊருக்கு மேலயே சுத்திச்சு. மூணு சுத்து. மாப்பிள்ளையும் பொண்ணும் அக்கினிய மூணு சுத்து சுத்துனா போதாதா, இவனும் எதுக்குச் சுத்துதான்னு பந்தியில சிரிச்சாவ."

"என்ன பேசினான்?"

"நமக்கு ஏபிசிடியே பாதிதான் வே. ஏதோ நம்பர் சொன்னான். பொண்ணோட தாய்மாமா இசக்கிதுரைகிட்டக் கேளுங்க. அவரு அந்த நம்பரைச் சாகுத வரைக்கும் மறக்க மாட்டாரு."

*

கன்னடியன் கால்வாய்க்கரையில் பெண் வீடு. பெண்ணின் அம்மா பேச்சித்தாய் வாசலிலேயே வழியை மறித்து நின்றாள். அவளுடைய தம்பி இசக்கிதுரை, கார் நடவிலிருந்து அப்போதுதான் வந்து கால் சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"நம்பரா?" என்றார் இசக்கிதுரை. அக்காவை ஒரு ஓரப்பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "தாலி எடுக்குத நேரம் வானத்துலேருந்து ஒரு நம்பர் வருதுன்னா சாமி குடுத்ததுதானே? பந்தி முடிஞ்ச கையோட செங்கோட்டை தாண்டிப் போயி கேரளா லாட்டரி வாங்கிட்டேன். அந்த நம்பர்ல முடியுத சீட்டுக்காக நாலு கடை ஏறி இறங்கினேன்."

"பொண்ணை மறுவீட்டுக்கு அனுப்புத நேரத்துல ஆளைக் காணும்! தாய்மாமன் எங்க, தாய்மாமன் எங்கன்னு நான் தேடுதேன், இவன் மலையாளத்தான் கடையில நிக்கான்" என்றாள் பேச்சித்தாய்.

"சீட்டு இருக்கா மாமா?" என்று கேட்டாள் ஃபெமினா. 651 என்று முடிகிற ஒரு சீட்டு. அது போதும். பெனிட்டோ பேசினார் என்பதற்கு அரசாங்க முத்திரையோடு அத்தாட்சி.

இசக்கிதுரை சாமி படத்துக்குப் பின்னாலிருந்து சீட்டை எடுத்து வந்தார். விபூதி அப்பியிருந்தது. ஃபெமினா ஊதிவிட்டுப் பார்த்தாள்.

கடைசி மூன்று எண்: ஆறு, ஒன்று, ஐந்து.

"மாமா, நல்லா ஞாபகப்படுத்திப் பாருங்க. ஆறு அஞ்சு ஒண்ணுன்னு சொல்லலையா?"

"ஏ பிள்ளே, நாலு கடை ஏறி வாங்கியிருக்கேன். சிக்ஸ் ஒன் ஃபைவ். இங்க இருக்க எல்லாரும் கேட்டாவ."

ஃபெமினா சிவசண்முகத்தை ஓரமாக இழுத்துப் போனாள். "கப்பல் கவுந்துட்டு அண்ணாச்சி. இது சென்னை பிளேன். அந்த ஆள் பதில் சொன்னதுதான் ஏற்கெனவே பதிவுல இருக்கே. நம்ம ஆளு நெசமாவே வாய் திறக்கல போல."

அவர் முகத்தில் கவலை இல்லை. கேட்ட பலகாரத்துக்குப் பதில் அதைவிடப் பிடித்த பலகாரம் வந்தவர் போல இருந்தார்.

"சென்னை பிளேன் அப்ப எங்க இருந்துது?"

"ஸ்ரீவைகுண்டத்துக்கும் கிழக்க. கடல் பக்கம்."

"இங்கேயிருந்து அறுபது கிலோமீட்டர் இருக்குமா? பூதத்தான் செட்டுக்கு அவ்வளவு நீளக் காது உண்டா?"

ஃபெமினா வாயைத் திறந்தாள். பேச்சு வரவில்லை. அது இன்னும் அபூர்வம்.

"அப்ப... தலைக்கு மேல சுத்திக்கிட்டிருந்தவரு..."

அவர் கைப்பேசியை எடுத்தார். "கேப்டன் சார், ஒரே ஒரு கேள்வி. அன்னைக்கு முன்னால வழக்கமா எந்த விமானம் ஓட்டுனீங்க? ... ஓகோ. எத்தனை மாசமா? ... சரி. உடனே கிளம்பிச் சேரன்மகாதேவிக்கு வாங்க. கால்வாய்க்கரையில பேச்சித்தாய் வீடுன்னு கேளுங்க."

"என்ன சொன்னாரு?"

"அவரு வரட்டும். வீடியோ வேணும். அது உன் பாடு."

அது லேசான பாடாக இல்லை. பேச்சித்தாய் அந்த இடத்தையே வீடியோவிலிருந்து வெட்டச் சொல்லியிருந்தாள். வெட்டாத பிரதி ஒன்று பென் டிரைவில் பீரோவுக்குள் பூட்டிக் கிடந்தது. அதை யாரும் பார்க்கக் கூடாது என்பது அவள் கட்டளை.

"ஏன் அத்தை? ஒரு குரல்தானே?"

"என்ன குரல்? இங்கிலீஷ் படிச்ச பையன்கிட்டக் கேட்டேன். டிசெண்டிங்குன்னா கீழே இறங்குததாம். என் பொண்ணு கழுத்துல தாலி ஏறுத நேரத்துல எவனோ இறங்குதேன், இறங்குதேன்னு சொல்லுதான். அவ வாழ்க்கை இறங்கவா? பதினேழு நாளா எனக்குச் சோறு இறங்கல." அவள் கண் கலங்கியிருந்தது. இவ்வளவு நேரம் கோபம் என்று ஃபெமினா நினைத்தது பயம்தான்.

ஃபெமினா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கேலி தானாக நின்றுவிட்டது.

"அத்தை, நான் கோயிலுக்குப் போற ஆள் இல்ல, சர்ச்சுக்குப் போற ஆளு. ஆனாலும் கேக்குதேன். வானத்துலேருந்து உங்க வீட்டுக்குள்ள இறங்குததுன்னா யாரு அத்தை? மகாலட்சுமி ஏணி வச்சா வருவா? இறங்கித்தானே வரணும்?"

பேச்சித்தாய் அவளையே பார்த்தாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள்.

"நீ எந்த ஊரு பிள்ளே?"

"மணப்பாடு."

"இவ்வளவு நல்லாப் பேசுதியே. அந்த இங்கிலீஷ்காரப் பயலுக்கு இது தோணல பாரு."

*

கேப்டன் பெனிட்டோ முக்கால் மணி நேரத்தில் வந்து சேர்ந்தார். நெடுநெடுவென்ற ஆள். தூத்துக்குடிக்காரர். பதினேழு நாளில் முகத்தில் சவரக்கத்தி நாலு முறைக்கு மேல் பட்டிருக்காது. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

டிவியில் கல்யாணம் ஓடியது. பெரியவர் ஒருவர் தாலியை எடுத்து மாப்பிள்ளையிடம் நீட்டினார். பாட்டு நின்றது. தவில்காரர் கோலை ஓங்கினார். கெட்டிமேளம் கொட்டுவதற்கு முன்னால் இரண்டு மூச்சு அமைதி. அந்த அமைதிக்குள், கரகரவென்று, பனைமர உச்சியிலிருந்து ஒரு குரல் விழுந்தது.

"டிசெண்டிங் ஃபைவ் தவுசண்ட், தென்றல் சிக்ஸ் ஒன் ஃபைவ்."

கல்யாணக் கூட்டம் மொத்தமும் அண்ணாந்து பார்த்தது. மாப்பிள்ளை தாலியைக் கையில் பிடித்தபடி அண்ணாந்தார். தவில்காரரும் அண்ணாந்தார். "கொட்டுங்கலே!" என்று பேச்சித்தாய் அலறிய பிறகுதான் மேளம் முழங்கியது.

ஃபெமினாவுக்குச் சிரிப்பு முட்டியது. பெனிட்டோவைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

"இது என் குரல்" என்றார் அவர். எழுந்து நின்றுவிட்டார். "சார், இது என் குரல்தான்! நான் பேசியிருக்கேன். நான் பொய் சொல்லலை. பாத்தீங்களா, நான் பேசியிருக்கேன்!"

"நீருதானா அது?" என்று பேச்சித்தாய் கண்ணை உருட்டினாள்.

"என்ன சொன்னீங்கன்னு இன்னொரு தடவை கேளுங்க" என்றார் சிவசண்முகம்.

திரும்ப ஓடவிட்டார்கள். பெனிட்டோவின் முகத்திலிருந்த வெளிச்சம் மெல்ல வடிந்தது. மூன்றாம் முறை கேட்டார். உட்கார்ந்துவிட்டார்.

"அறுநூத்திப் பதினஞ்சு" என்றார். "நான் ஓட்டுனது அறுநூத்தி அம்பத்தொண்ணு. இருபது வருஷமா பறக்குறேன். வேற விமானத்து நம்பரை நான் எப்படிச் சொல்லுவேன்? இதுல ஏதோ..."

"போன்ல என்கிட்ட என்ன சொன்னீங்க?"

பெனிட்டோ டிவியிலிருந்து கண்ணை எடுத்தார். "ஆறு மாசமா தினமும் நான் ஓட்டுனது சென்னையிலேருந்து வர்ற 615. அன்னைக்கு ஒருத்தர் லீவு. அதனால என்னைக் கொச்சி விமானத்துக்கு மாத்திவிட்டாங்க."

அப்போதுதான் ஃபெமினாவுக்குப் பளிச்சென்று விளங்கியது. துப்பு விளங்கினால் குதிப்பதுதான் அவள் வழக்கம். இன்று குதிக்கத் தோன்றவில்லை. நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"எங்க அப்பா ஜோசப் கடல்ல மீன்பிடிப் போட்டு ஓட்டுதவரு. 'அந்தோனியார்'னு ஒரு போட்டு வச்சிருந்தாரு. அதை வித்துட்டு 'சகாயமாதா'ன்னு புதுசு வாங்கினாரு. கடல்ல வயர்லெஸ்ல 'அந்தோனியார், அந்தோனியார்'னு யாராவது கூப்பிட்டா போதும், இவரு எடுத்து 'அந்தோனியார் பேசுதேன்'ம்பாரு. பழைய போட்டை வாங்கினவரும் அங்கன நின்னு அந்தோனியார் பேசுதேன்ம்பாரு. கேக்குதவனுக்கு எந்த அந்தோனியார்னு தெரியாது. ஒரு வருஷம் ஆச்சு அவருக்கு மாற. பொய்யா சொன்னாரு? பழகின பேரைச் சொல்லிக் கூப்பிட்டா திரும்பிப் பாக்கத்தானே செய்வோம்?"

பெனிட்டோ இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

"அந்தப் பொண்ணு என் நம்பரைக் கூப்பிட்டா" என்றார் உள்ளேயிருந்து. "என் நம்பர்னு நினைச்சேன். பதில் சொன்னேன்."

"அதே நொடியில சென்னை விமானக்காரரும் பதில் சொல்லியிருக்காரு" என்றார் சிவசண்முகம் பைய. "ரெண்டு பேர் ஒரே அலையில ஒரே நேரத்துல பேசினா ஒருத்தர் குரல்தான் மேல வரும். டவர்ல கேட்டது உங்க குரலாத்தான் இருக்கணும். நம்பர் மட்டும் அவரோடது. தட்டச்சு பண்ணினவரு நம்பரைக் கேட்டு 615-னு எழுதிட்டாரு. உங்களுக்குக் கொடுத்தது தாள். குரலை யாரும் உங்க காதுக்குக் கொடுக்கல. கொடுத்திருந்தா அன்னைக்கே கண்டுபிடிச்சிருப்பீங்க. பதிவை யாரும் அழிக்கல கேப்டன். உங்க பேச்சு அதுக்குள்ளதான், வேற பேர்ல உக்காந்திருக்கு."

இசக்கிதுரை லாட்டரிச் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

சிவசண்முகம் பென் டிரைவைக் கழற்றிப் பெனிட்டோவின் உள்ளங்கையில் வைத்தார். "நீங்க என் கட்சிக்காரர். கேட்டதைக் கண்டுபிடிச்சுட்டேன். இதைக் காட்டினா நீங்க பொய்யர் இல்லைன்னு ஆகும். தப்புப் பண்ணினது நீங்கன்னும் ஆகும். காட்டாட்டி அந்தப் பொண்ணு பதிவை அழிச்சாளோன்னு ஒரு சந்தேகம் அவ மேல நிக்கும். உங்க இஷ்டம்."

பெனிட்டோ அதைப் பார்த்தபடியே இருந்தார். ஒரு நகத்தளவு சாமான். அந்த ஆள் இப்போது எழுந்து அதைப் பைக்குள் போட்டுக்கொண்டு கார் ஏறினால் தடுக்க ஒரு சட்டமும் இல்லை.

"பாளையங்கோட்டையில அவ வீடு எங்கன்னு தெரியுமா?" என்றார் அவர்.

*

பொன்செல்வி கதவைத் திறந்தபோது மணி ஐந்து. இருபத்தொன்பது வயது. வீட்டில் தனியாக இருந்தாள். வாசலில் நிற்பது யார் என்று தெரிந்ததும் கதவைச் சாத்தப் போனாள்.

"உங்க மேல பொய்யா எழுதிக் கொடுத்துட்டேன்மா" என்றார் பெனிட்டோ. "அதைச் சொல்லத்தான் வந்தேன். கேட்டுட்டுச் சாத்துங்க."

அவள் சாத்தவில்லை.

கைப்பேசியில் ஏற்றி வைத்திருந்த அந்தத் துண்டை ஃபெமினா ஓடவிட்டாள். பனைமரக் குரல் அந்தச் சின்ன முன்னறையில் ஒருமுறை ஒலித்தது. பொன்செல்வி மறுமுறை கேட்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு பைய உட்கார்ந்தாள்.

"எனக்குத் தெரியும்" என்றாள்.

இதை யாருமே எதிர்பார்க்கவில்லை. சிவசண்முகம்கூட. அவர் புருவம் மேலே போனதை ஃபெமினா பார்த்தாள். நாளைக்கு இதைச் சொல்லிச் சொல்லிக் காட்டலாம் என்று மனதில் குறித்தும் வைத்துக்கொண்டாள்.

"தெரியும்னா, அன்னைக்கு இல்ல. பொறவுதான்" என்றாள் பொன்செல்வி. "ஆறு மாசமா 615-னு கூப்பிட்டா உங்க குரல்தான் சார் வரும். அன்னைக்கும் உங்க குரல் வந்துது. நம்பரும் சரியா இருந்துது. பழகின குரல், சரியான நம்பர். மனசு அதுலயே திருப்தியாயிட்டு. அன்னைக்கு நீங்க 651-ல இருக்கீங்கன்னு அஞ்சு நிமிஷத்துக்கு முன்னாலதான் நீங்களே சொன்னீங்க. எனக்குத் தோணல. அதோட..." அவள் நிறுத்தினாள்.

"சொல்லுங்கம்மா."

"நீங்க பேசும்போது அடியில சின்னதா ஒரு விசில் சத்தம் கேட்டுது. ரெண்டு பேர் ஒண்ணாப் பேசினா அப்படிக் கேக்கும். படிக்கும்போதே சொல்லிக் கொடுத்திருக்காங்க. விசில் கேட்டா, 'திரும்பச் சொல்லுங்க'ன்னு கேக்கணும். மூணு செகண்டு ஆகும். நான் கேக்கல."

"விசாரணையில ஏன் சொல்லல?"

"எழுதின தாளில விசில் வராது சார். யாரும் கேக்கல. நானும் சொல்லல. பதிவை அழிச்சேன்னு நீங்க எழுதினதும், கோபத்துல, 'நான் எதுவும் தப்புப் பண்ணல'ன்னு எழுதிக் கொடுத்துட்டேன். அந்தக் கை முறிஞ்ச பொண்ணை ஆஸ்பத்திரியில போய்ப் பாத்தேன். அவகிட்டயும் சொல்ல வாய் வரல." அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பதினேழு நாளா அந்த விசில்தான் காதுல கேக்குது."

பெனிட்டோ சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். ஃபெமினா தன் குறிப்பு நோட்டிலிருந்து தாளைக் கிழித்துக் கொடுத்தாள். 'நான் கொடுத்த புகாரைத் திரும்பப் பெறுகிறேன். என்னுடையதல்லாத அழைப்புக்கு நான் பதில் சொன்னேன். என் விமானத்தின் எண்ணையும் தவறாகச் சொன்னேன்' என்று எழுதினார். எழுதி முடிக்கவும் பொன்செல்வி தாளைத் தன் பக்கம் இழுத்தாள்.

"என்னுடையதும் இதிலேயே வரணும்."

"அது தேவையில்லம்மா. நான்தானே இறங்கினேன்."

"நான் கேட்டிருந்தா இறங்கியிருக்க மாட்டீங்களே."

"உங்களுக்கு வேலை போயிரும்."

"உங்களுக்குப் போகாதாக்கும்?"

தாள் இந்தக் கைக்கும் அந்தக் கைக்குமாகப் போய் வந்தது. சிவசண்முகம் ஃபெமினாவைத் தொட்டு வாசலைக் காட்டினார். இருவரும் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார்கள்.

"நேத்து வரைக்கும் நான் இல்ல, நான் இல்லைன்னாவ. இன்னைக்கு நான்தான், நான்தான்ங்காவ" என்றாள் ஃபெமினா. "இதுல யாரு ஜெயிப்பாவன்னு பந்தயம் கட்டலாமா அண்ணாச்சி?"

"வண்டிய எடு."

திங்கட்கிழமை விசாரணைக் குழு அந்த ஒற்றைத் தாளை வாசித்தது. அப்புறம் டவர் பதிவைத் தாளில் பார்க்காமல் காதால் கேட்டது. பெனிட்டோவுக்கு மூன்று மாதம் பறக்கத் தடை, மறுபயிற்சி. பொன்செல்விக்கு எச்சரிக்கை, மறுபயிற்சி. இரண்டு பேருக்கும் வேலை போகவில்லை. ஒன்றுபோல் ஒலிக்கும் எண்களை ஒரே நேரத்தில் வருகிற விமானங்களுக்கு வைக்கக் கூடாது என்று குழு எழுதியது. கை முறிந்த பணிப்பெண்ணைப் பார்க்க இருவரும் சேர்ந்து போனார்கள். அங்கே என்ன பேசினார்கள் என்று பொன்செல்வி சொல்லவில்லை, ஃபெமினாவும் அவள் வாயைக் கிளறவில்லை.

ஆனால் புரட்டாசி மாதம் ஒரு காலையில் பொன்செல்வியே ஃபெமினாவைப் போனில் கூப்பிட்டாள். அன்றைக்குத்தான் பெனிட்டோ திரும்பப் பறக்க வந்த முதல் நாள். சென்னையிலிருந்து. டவரில் அவள்.

"எண்ணைச் சொல்லி, ஐயாயிரத்துக்கு இறங்கலாம்னேன். பதில் சொன்னாரு" என்றாள். "வானம் சுத்தமா இருந்துது. வேற விமானமே இல்ல. கண்ணாடி மாதிரித் தெளிவாக் கேட்டுது."

"பொறவு?"

"இன்னொரு தடவை சொல்லுங்கன்னேன்."

"சொன்னாரா?"

"ஒவ்வொரு எண்ணா நிறுத்திச் சொன்னாரு" என்றாள் பொன்செல்வி. "அதுக்கப்புறம்தான் இறங்க விட்டேன்."